கப்பலில் கற்ற எழுத்து

எழுபத்திரண்டாயிரத்து நானூறு டாலர். கப்பல் முதலாளி துறைமுகத்துக்குக் கட்டாமல் விட்ட பாக்கி அது. பணம் வரும்வரை கப்பல் நகரக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவை ஒட்டிவிட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

ஊர் திரும்ப டிக்கெட் ஒவ்வொன்றாகத்தான் வந்தது. ஒவ்வொருவராக இறங்கிப் போக, மிச்சம் இரண்டே பேர். சமையல்காரரும், இஞ்சினுக்கு எண்ணெய் விடுகிற ஆயில்மேனும். கரையில் ஆள் தும்மினால் இங்கே கேட்கும். டிக்கெட் வராமல் இறங்கத்தான் அனுமதியில்லை.

"பேரை இன்னொரு தரம் எழுதிக் காட்டு தம்பி. அதிகாரி வர்ற நேரமாச்சு."

சமையல்காரர் மேஜையில் மாவைத் தூவினார். ஆயில்மேன் நாக்கைக் கடித்துக்கொண்டு விரலால் எழுதினான். நாற்பது வயதில் வந்த எழுத்து, கொஞ்சம் சாய்ந்துதான் நின்றது.

"பதினாறு தேசம் சுத்தியிருக்கேன் அண்ணே. எல்லாத் தேசமும் எனக்கு இஞ்சின் ரூம் சூடுதான். ஓடின கப்பல்ல ஒண்ணும் தெரிஞ்சுக்கல, நின்ன கப்பல்லதான் மனுஷனானேன்."

"சரி சரி, பேரு எழுத வந்தாப் போதும். மேல மேல ஆசைப்படாத, கண்ணு கெட்டுடும்."

அவன் தலையாட்டினான். ஆனால் பேரோடு அவன் நிற்கவில்லை. சமையல்காரர் குறட்டை விடும் மதியங்களில் பருப்பு டின், மருந்துப் பெட்டி, கதவில் ஒட்டிய உத்தரவு என்று எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தான். ஊரில் அவன் முகம் பார்க்காத பெண் குழந்தை இருந்தது. அதற்குத் தன் கையால் கடிதம் போட்டு எல்லாரையும் அசத்த வேண்டும் என்று ஆசை; அதை யாரிடமும் மூச்சு விடவில்லை.

இரும்பு ஏணியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சமையல்காரர் துணியை எடுத்து மாவை அவசரமாகத் துடைத்தார்.

துறைமுக அதிகாரி நெற்றி வியர்வையை வழித்துக்கொண்டே உட்கார்ந்தார். "ஒரு டிக்கெட்தான் வந்திருக்கு. ஒருத்தர் கிளம்பலாம்."

"தெரியும் ஐயா, நேத்தே போன்ல பேசினோமே," என்று முந்திக்கொண்டார் சமையல்காரர். "அந்தத் தாளைக் கொடுங்க, தம்பி கையெழுத்துப் போடுவான்."

"படிச்சுப் பார்த்துட்டுப் போடட்டும்."

"எல்லாம் நான் விளக்கிச் சொல்லிட்டேன் ஐயா." அவன் காதருகே குனிந்து, அதிகாரிக்குக் கேட்காதபடி தோளைத் தட்டிச் சொன்னார். "போடு தம்பி. உன்னை ஊருக்கு அனுப்புற தாளு. வீட்டுக்குப் போனதும் இந்த அண்ணனை மறந்துடாத."

ஆயில்மேன் பேனாவை வாங்கினான். கண் கலங்கியவன்போல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தான். அதிகாரியின் மைப்பெட்டியில் கட்டை விரலை அழுத்தித் தாளின் அடியில் பதித்தான்.

"என்னங்க இது, கைநாட்டு வெச்சிட்டீங்க? இது செல்லாதே!" அதிகாரி தாளைப் பிடுங்கினார். "'எழுதப் படிக்கத் தெரிந்த நான், சமையல்காரரை விடுவித்து, கப்பல் ஏலம் போகும்வரை இறங்காமல் காவல் இருப்பேன்'னு இதுல தெளிவாப் போட்டிருக்கே!"

சமையல்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. "அவனுக்கு எழுத வரும் ஐயா! இப்பத்தான் எழுதிக் காட்டினான்! டேய், சொல்லுடா!"

"எங்க எழுதினாரு? காட்டுங்க." அதிகாரி மேஜையைப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. டிக்கெட்டைக் கையில் பிடித்தபடி ஆயில்மேனிடம் திரும்பினார். "எழுதப் படிக்க வர்றவர்தான் காவலுக்கு இருக்கணும், மத்தவருக்குத்தான் இந்த டிக்கெட். நீங்களே சொல்லுங்க. எழுதப் படிக்க வருமா, வராதா?"

அவன் பணிவாக எழுந்து நின்றான்.

"எனக்கு ஏதுங்க ஐயா படிப்பு?"