தேறாத இஞ்சின்

“தேறாது சார். பேரீச்சம்பழத்துக்குப் போடலாம்” என்றார் முத்தலிப் பாய்.

லோகநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கால்மணி நேரத்துக்கு முன்னால் இதே பாய்தான் இதே இஞ்சினைத் தட்டிப் பார்த்து, சக்கரத்தை ஒரு கையால் சுற்றிக் காட்டி, “தேறும் முதலாளி. நாலு நாள்ல ஓட்டிக் காட்டறேன்” என்று சொல்லியிருந்தார்.

மண்ணூர்பேட்டையில் லோகநாதனின் அரிசி மில் மூன்று நாளாக ஏரி உடைந்த தண்ணீரில் மூழ்கிக் கிடந்தது. இஞ்சின் ரிப்பேர் செய்கிற பாய்க்கு ஊர் பூந்தமல்லி. ‘நான் வர்ற வரைக்கும் தண்ணியை எறைக்காதே, காத்துப் பட்டாத்தான் இரும்பு துருப்புடிக்கும்’ என்று முதல் நாளே சொல்லி அனுப்பியிருந்தார். லோகநாதனும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அன்று காலை பாய் வந்த பிறகுதான் தண்ணீரை இறைத்தார்கள்.

அதற்குள் பழைய இரும்புக்காரன் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டான். உலக யுத்த காலம். இரும்புக்கு ஏகக் கிராக்கி. ஆனால் இதைப் போட்டுவிட்டால் அடுத்த இஞ்சினைக் கொண்டுவரச் சீமையிலிருந்து கப்பல் வரப்போவதில்லை. மில்லைப் பூட்டிவிட்டுக் கூலிக்குத்தான் போகவேண்டும். அதனால்தான் பாய் ‘தேறும்’ என்றதும் லோகநாதனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த நேரம் பார்த்து ஜீப்பில் ஒரு காக்கி உடுப்புக்காரர் வந்து இறங்கினார். கையில் நோட்டுப் புத்தகம்.

“இஞ்சின் ஓடுமா?”

எண்ணெய் ரேஷன் பர்மிட் எழுதுகிற ஆபீசர் என்று லோகநாதன் நினைத்தான். ஓடுகிற இஞ்சினுக்குத்தான் பர்மிட். ‘ஜோரா ஓடும் சார்’ என்று வாயைத் திறப்பதற்குள் பாய் ‘தேறாது’ என்று முந்திக்கொண்டுவிட்டார்.

“சக்கரத்தைச் சுத்திக் காட்டு” என்றார் காக்கி உடுப்பு.

பாய் சக்கரத்தைப் பிடித்தார். வலது கை தள்ளியது. இடது கை இழுத்தது. நெற்றி நரம்பு மட்டும் நிஜமாகவே புடைத்தது. சக்கரம் அசையவில்லை.

“உள்ளாற எல்லாம் வெடிச்சிப் போச்சு சார்.”

காக்கி உடுப்பு நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு அடித்தார். ஜீப்பில் ஏறினார்.

“சார், சார்! கொஞ்சம் இருங்க சார்!” லோகநாதன் சேற்றில் வழுக்கிக்கொண்டு ஓடினான். ஜீப் நிற்கவில்லை.

திரும்பி வந்தவனுக்கு மூச்சு வாங்கியது.

“இன்னா பாய் இது? பழைய இரும்புக்காரன் உனுக்கு எம்மாம் தர்றேன்னான்?”

பாய் தெருப் பக்கமே காது கொடுத்துக்கொண்டு நின்றார்.

லோகநாதனின் மனைவி பூங்காவனம் சும்மா இருப்பாளா?

“எங்க ஊட்டுக் கஞ்சியைக் குடிச்சிட்டு எங்க வயித்துலயே அடிச்சிட்டியே! ஒரு கை தள்ளுது, ஒரு கை இழுக்குது. நான் பாத்துகினுதானே இருந்தேன்?”

“கஞ்சியில உப்பு கொஞ்சம் கம்மிம்மா” என்றார் பாய்.

“கொழுப்பைப் பாரு!”

ஜீப் சத்தம் அடங்கியது. பாய் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“மண்ணெண்ணெய் கீதாம்மா? ஒரு பாட்டில் குடு. பிஸ்டனை ஊற வெக்கணும்.”

“பேரீச்சம்பழத்துக்குப் போற இஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஒண்ணுதான் கேடு” என்றாள் பூங்காவனம்.

“மொதல்ல தேறும்னுதானே சொன்னேன்?”

“அப்போ அந்தாளு கையில ஏன் அப்படிச் சொன்னே?” என்றான் லோகநாதன். “பர்மிட் போச்சே பாய்!”

“அவுரு பர்மிட்டுக்காரரு இல்ல முதலாளி. ஆவடி பட்டாளத்துக் கேம்புக்கு, ஓடற இஞ்சினாப் பாத்து எழுதிகினு போறவரு. ஜீப்பைப் பாத்ததும் எனுக்கு ஆள் தெரிஞ்சிபோச்சு.”

“உனுக்கு எப்படித் தெரியும்?”

பாய் குனிந்து திருகு சாவியை எடுத்தார்.

“முந்தாநாளு கோவில்பதாகையில நாகப்பன் மில்லுல நான் வேலை செஞ்சிகினு இருந்தப்போ வந்து, இஞ்சின் ஓடுமான்னு கேட்டாரு. உள்ளதைச் சொன்னேன். நேத்து லாரி வந்துச்சு. இப்போ அந்த மில்லுல, தரையில நாலு போல்ட்டு மட்டும் நின்னுகினு கீது.”