பத்துச் சீக்காளிகள்

"போன வாரம் இடது கால்னுதானே சொன்னீங்க?"

கிணறு வெட்டுகிறவர் திருதிருவென விழித்தார். "அது... வலி வலது காலுக்கு மாறிடுச்சு டாக்டரம்மா."

"வலி என்ன வாடகைக்கா குடியிருக்கு, மாறிப் போக?"

டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலையில் சேர்ந்து மூன்றே வாரம். மண்பாதையில் மூன்று மணி நேரம் எலும்பெல்லாம் கழன்றுவிடும்போலக் குலுங்கி, ஆஸ்பத்திரி வேனில் இந்தக் கடைக்கோடி ஊருக்கு வந்தால், வரிசையில் நிற்பதெல்லாம் கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஆட்கள்! தலைசுற்றல் என்று வந்த அம்மாள் தலையில் விறகுக்கட்டோடு நிற்கிறாள்.

நிஜ நோயாளி ஒருத்திதான். மூட்டெல்லாம் வீங்கும் நோய் உள்ள ஆறு வயதுப் பெண் குழந்தை. வாராவாரம் ஊசி. இன்றைக்கும் போட்டாயிற்று.

"என்னைப் பார்த்தா இளிச்சவாய் மாதிரி இருக்கா? இந்த ஊருக்கு வேனே தேவையில்லைன்னு எழுதி அனுப்பிடறேன்!"

பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

குழந்தையின் அம்மா பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"எழுதிடாதீங்க டாக்டரம்மா! இவங்க யாருக்கும் ஒண்ணும் இல்லை, வாஸ்தவம்தான். ஒரு ஊர்ல பத்துப் பேருக்காவது சீட்டு விழலேன்னா அடுத்த வாரத்துலேர்ந்து வேன் வராதுன்னு உங்க ஆபீஸ்ல சட்டமாம். என் பொண்ணு ஒருத்திக்காக யார் வருவாங்க? அதான் ஒன்பது பேரு வேலை வெட்டியை விட்டுட்டு வாராவாரம் வந்து நிக்கிறாங்க. இந்த ஊசி நின்னா இவ பழையபடி தவழ வேண்டியதுதான்."

இவர்களையா இவ்வளவு நேரம் திட்டினோம் என்று டாக்டருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எழுதிய தாளைக் கசக்கி எறிந்தார்.

சீட்டுகளை எண்ணிப் பார்த்தார். குழந்தையின் சீட்டையும் சேர்த்து ஒன்பதுதான் இருந்தது.

கிணறு வெட்டுகிறவர் தலையைச் சொறிந்தார். "எங்களோட நிக்க வேண்டிய மெக்கானிக், சாமான் வாங்க டவுனுக்குப் போனான், இன்னும் ஆளைக் காணோம். நானே வேணா இன்னொரு பேர்ல வரட்டுமா?"

"வேண்டாம், நீங்க நடிச்ச லட்சணம் போதும்."

டாக்டர் புதுச் சீட்டு ஒன்றை எடுத்தார். ஸ்டியரிங்கில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த டிரைவரைக் கூப்பிட்டார்.

"டிரைவரண்ணே, இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு சொன்னீங்களே?"

"நானா? நான் எப்போம்மா சொன்னேன்?"

"இதோ, இப்பதான். இறங்கி வந்து வரிசையில நில்லுங்க!"