இரண்டு பேர் தூக்கவேண்டிய மெஷின்

இரண்டு மெஷின்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

அவள் மாறி மாறிப் பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில் அக்காவையும் தங்கையையும் ஒன்றாக உட்காரவைத்தது மாதிரி இருந்தது.

ஒன்று பெரியது. அடியில் உருளை, அதில் உப்புத்தாள் சுற்றியிருந்தது. மற்றது சின்னது. தட்டையான சதுர அடி.

ஸ்காபரோவில், பலகைத் தரை இழைக்கும் மெஷின்களை வாடகைக்குக் கொடுக்கும் கடை. சனிக்கிழமைக் காலை. கடைக்காரர் தமிழர். ஐம்பது வயதிருக்கும். மூக்குக் கண்ணாடியில் மரத்தூள்.

"வீட்டுப் பலகை நிலத்துக்கு என்ன நடந்தது, தங்கச்சி?"

"தண்ணி பட்டிட்டுது."

"பட்டதோ, ஊத்தினீங்களோ?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஊற்றியதுதான். இரண்டு வேலை செய்து வாங்கிய வீடு. குடிபுகுந்த முதல் வெள்ளிக்கிழமையே வாளி நிறையத் தண்ணீர் எடுத்தாள். மஞ்சள்தூள் கலந்தாள். ஊரில், சாவகச்சேரியில் சீமெந்துத் தரையைக் கழுவுவது போல மேப்பிள் பலகையைக் கழுவினாள். அடுத்த வெள்ளியும் கழுவினாள். அதற்கடுத்த வெள்ளியும்.

பனிக்காலம் முடிவதற்குள் பலகைகள் ஓரம் தூக்கிக்கொண்டன. வெறுங்காலோடு நடந்தால் ஒவ்வொரு பலகையும் தனித்தனியாகத் தெரியும்.

"எங்கட சனத்தில கழுவாத ஆக்கள் ஆர்? என்ர மனிசியும் கழுவினவதான்," என்றார் கடைக்காரர்.

குலேந்திரன் மட்டும், பலகை தூக்கிக்கொண்டதைப் போனில் சொன்ன அன்றைக்கு, சிரிக்கவில்லை.

அவள் புருஷன். தச்சு வேலைக்காரன். இன்னும் சாவகச்சேரியில்தான் இருக்கிறான்.

போனைத் தரைக்குக் கிட்டப் பிடிக்கச் சொன்னான். இன்னும் கிட்ட. மெல்ல நகர்த்தச் சொன்னான். அவள் முழங்காலில் நடந்து ஒவ்வொரு பலகையாகக் காட்டினாள். அங்கிருந்தபடியே அவன் வீடு முழுவதையும் பார்த்து முடித்தான்.

"ஒருத்தரையும் கை வைக்க விடாத. காய விடு. நான் வந்து இழைக்கிறன்."

மூன்று வருடம் அவள் ஒருவரையும் கை வைக்க விடவில்லை. அண்ணன் ஆள் கூட்டிவந்தபோது, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டாள். கம்பளம் விரிக்கச் சொன்ன சினேகிதியோடு கொஞ்ச நாள் பேசவுமில்லை.

கலியாணத்துக்குப் பிறகு ஊரில் அவர்கள் சேர்ந்திருந்தது முப்பத்தெட்டு நாள். அதற்குள் என்ன பெரிதாகப் பேசிவிட முடியும்? மற்றவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேசுவார்கள். இவர்கள் பலகையைப் பற்றிப் பேசினார்கள்.

குளிருக்குச் சுருங்கிச்சோ?

வெயிலுக்கு விரிஞ்சிச்சோ?

யன்னல் பக்கத்துப் பலகை எப்படி இருக்குது?

போன செவ்வாய்க்கிழமை, இங்கே வர விசா இல்லையென்று அவனுக்கு இரண்டாவது தடவையாகக் கடிதம் வந்தது.

நேற்றுக் காலை போனில் பலகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சொன்னான்.

"நிலத்தை நீயே ஆரையும் பிடிச்சுச் செய்விச்சுப்போடு."

அவ்வளவுதான்.

அவளுக்குப் பகீரென்றது. கடிதம் வந்த அன்றுகூட அப்படி இருக்கவில்லை.

கோபத்தில்தான் கடைக்கு வந்தாள். ஆரையும் பிடிக்கத் தேவையில்லை, நானே செய்து காட்டுகிறேன் பார், என்று. வந்து மெஷினுக்கு முன்னால் நின்றதும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் பக்கத்தில் நிற்கவேண்டும் போல இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம். உருளையில் ஒரு விரலை வைத்து, இது சரி, இது சரிவராது என்று சொன்னால் போதும்.

கடைக்காரர்தான் சொன்னார்.

"சின்னது நோகாமல் எடுக்கும். நாலு நாள் செல்லும். நீங்கள் தனியவே காரில ஏத்திக்கொண்டு போகலாம்."

"பெரிசு?"

"ஓரம் தூக்கின பலகைக்கு அதுதான் சரி. ஒரு நாள் வேலை. ஆனா ஓடேக்க ஒரு இடத்தில நிக்கப்படாது. நிண்டால் குழி விழுத்திப்போடும். பழகின கை வேணும். பாரமும் கூட. ரெண்டு பேர் இல்லாமல் படியேத்தேலாது."

சின்னதின் மேல் கை வைத்து, "என்னைக் கேட்டால் சின்னதைக் கொண்டுபோங்கோ," என்றார்.

அதுதான் புத்தி. அது அவளுக்கும் தெரியும்.

சின்னதின் கைப்பிடியைப் பிடித்தாள். தூக்கியும் பார்த்தாள். கைக்கு அளவாகத்தான் இருந்தது.

நாலு நாளில் தரை மட்டமாகிவிடும். வார்னிஷ் பூசலாம். வெறுங்காலோடு நடந்தாலும் ஒன்றும் தெரியாது.

அதற்குப் பிறகு போனில் எதைப் பேசுவது?

கீழே வைத்தாள்.

"பெரிசைத் தாங்கோ."

கடைக்காரர் வாடகை எழுதும் கொப்பியை எடுத்தார்.

"தூக்க ஆள் இருக்கோ?"

"இருக்கு. என்ர மனுசன். தச்சு வேலை தெரிஞ்சவர். குலேந்திரன் எண்டு அவற்ற பேரிலயே எழுதுங்கோ."

எழுதினார். போன் நம்பர் கேட்டார்.

சொல்லத் தொடங்கினாள். முதல் இரண்டு மூன்று இலக்கத்திலேயே அவருடைய பேனா நின்றுவிட்டது. இலங்கை நம்பர். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் மிச்ச இலக்கங்களையும் சொன்னாள். பிழை வந்துவிடக் கூடாதென்று இன்னொரு தடவையும் சொன்னாள்.

"எந்தத் திகதிக்கு, தங்கச்சி?"

"அது எனக்குத் தெரியாது. அவரிட்டைக் கேளுங்கோ. இப்பவே கேளுங்கோ. அங்க இப்ப இரவுதான், இன்னும் படுத்திருக்கமாட்டார்."

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். போனை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார்.

மணி போவது அவளுக்கும் கேட்டது.

எடுத்தார்கள்.

"தம்பி குலேந்திரனோ? உங்கட மெஷின் இஞ்ச நிக்குது. எப்ப வாறியள்?"