புண் இல்லாத இடம்

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு, "பிடிடா" என்றாள்.

அப்பாவின் தோளையும் இடுப்பையும் பிடித்து என் பக்கமாக ஒருக்களித்துத் திருப்பினேன். முகம் எனக்கு, முதுகு அவளுக்கு.

முதுகுத்தண்டு முடியும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஸ்பாஞ்ச் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அப்பா வாதம் வந்து படுத்த வாரமே அதைப் பெட்டி பெட்டியாக வாங்கி வந்தவள் அக்காதான். ஆஸ்பத்திரி நர்ஸ். புண்ணே இல்லாத இடத்தில் எதற்குக் கட்டு என்று அன்று சிரித்தேன். வெள்ளம் வந்த பிறகா அணை போடுவாய் என்று என் வாயை அடைத்தாள். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்காமல், இழுபட்டுத் தேயாமல் அது தாங்குமாம். ஆனாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளைத் திருப்பியே ஆகவேண்டுமாம்.

போன மாதம் போனில் இன்னொன்றும் சொன்னாள். ஒரு சின்னப் புண் வந்தாலும் அப்பாவைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவாளாம்.

சொன்னால் செய்கிறவள்.

பிளாஸ்திரியின் மேல் ஓரத்தை மெல்ல உரித்தாள். முழுதும் எடுக்கமாட்டாள். பாதி மடித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஒட்டிவிடுவாள். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு குனிந்தாள்.

"செவந்திருக்கேடா."

என் நெஞ்சு அடித்த அடி அப்பாவுக்கே கேட்டிருக்கும்.

ஒற்றை விரலால் அந்தச் சிவப்பை அழுத்தினாள். விரலை எடுத்ததும் வெளுத்தால் தோல் பிழைத்தது. சிவப்பு அப்படியே நின்றால் உள்ளே சதை கெட ஆரம்பித்துவிட்டது.

அவள் விரல் அங்கேயே இருந்தது. அப்பா படுத்ததிலிருந்து ஏழு மாதமாகச் சாத்திக் கிடக்கும் என் முடிவெட்டும் கடை எனக்கு நினைவு வந்தது. அந்த நேரத்தில் அது ஏன் வந்தது என்று கேட்காதீர்கள்.

விரலை எடுத்தாள்.

வெளுத்தது. பிறகு மெல்லப் பழையபடி சிவந்தது.

அக்கா நீளமாக மூச்சுவிட்டாள். ஓரத்தைச் சுருக்கமில்லாமல் ஒட்டித் தடவிவிட்டு, அப்பாவின் காதருகே குனிந்தாள்.

"தம்பி நேரத்துக்குத் திருப்பி விடுறானாப்பா?"

அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. தலை மட்டும் ஆடும்.

என் முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

ஆமாம் என்று தலையாட்டினார்.

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அப்பா இனி உன்னிடமே இருக்கட்டும், உன்னைப்போல் என்னால்கூடப் பார்க்கமுடியாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நேற்று விடிந்ததிலிருந்து இருட்டும்வரை நான் அவரை ஒருமுறைகூடத் திருப்பவில்லை. மல்லாக்கவே போட்டிருந்தேன். அவர் முனகியபோதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

அக்கா இன்று வருகிறாள் என்று தெரிந்துதான்.