மூச்சில்லாதவன்

காட்டை ஒட்டிய குகையில் ஒரு சலமாண்டர் தனியாக வாழ்ந்தது. பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். அதற்கு நுரையீரல் கிடையாது. நீர் கசியும் பாறையில் ஒட்டிக்கொண்டு ஈரத்தோலாலேயே மூச்சு விடும். இது அதற்கே தெரியாது.

மழைக்காலத்தில் ஒரு தேரை அங்கே குடிவந்தது. சலமாண்டரின் பக்கத்தில் படுத்து வெகுநேரம் காது கொடுத்துக் கேட்டது.

"தம்பி, உன் நெஞ்சு ஏறி இறங்கவே இல்லையே. உனக்கு மூச்சே இல்லை!"

சலமாண்டர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தது. அது அசையாமல்தான் இருந்தது.

"அப்படியென்றால்?"

தேரை பின்னால் நகர்ந்துகொண்டது. மேலே தொங்கிய வௌவால்தான் மெதுவாகச் சொன்னது: "நீ செத்து ரொம்ப நாளாகியிருக்கும். யாரும் உன்னிடம் சொல்லவில்லை, பாவம்."

"எனக்குப் பசிக்கிறதே?"

"ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும்."

செத்தவர்கள் ஈரத்தில் கிடக்கக் கூடாது என்றது வௌவால். குகை வாசலில் வெயில் விழும் மணல்மேட்டைத் தேரை காட்டியது. சலமாண்டர் தானே நடந்து போய்ப் படுத்துக்கொண்டது. நிழலில் உட்கார்ந்து தேரை அழுதது.

வெயில் ஏற ஏற, தோல் காய்ந்து இறுகியது.

"அக்கா, மூச்சு முட்டுகிறது" என்று சலமாண்டர் முனகியது.

"செத்தவனுக்கு மூச்சு எப்படிடா முட்டும்?" என்றது தேரை, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சலமாண்டர் யோசித்துப் பார்த்தது. அக்கா சொல்வது சரியாகத்தான் பட்டது. ஒரு தாவல் தூரத்தில் ஈரப்பாறை மின்னிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் அது கண்ணை மூடிக்கொண்டது.