அடித்தவன் வெளியே

"சட்டம் பாஸாயிடுச்சு! இனிமே அடிக்கிறவன்தான் வீட்டை விட்டுப் போகணும்!"

போதகர் ஹான் ஓடிவந்து சொன்னதும், தேவாலயச் சமையலறையில் கிம்ச்சிக்குக் கோஸ் இலையில் மிளகாய் விழுது தடவிக்கொண்டிருந்த பெண்கள் கூச்சல் போட்டார்கள். இந்தச் சட்டத்துக்காகச் சியோல் நாடாளுமன்ற வாசலில், பனியில் நின்று ஜெபித்தவர்கள் அவர்கள்.

கண் வீங்கிய மிரேயை இங்கே கூட்டிவந்து, கூடவே தங்கியிருந்த ஓக்சுன் விம்மினாள்.

"அழாதக்கா. உம் பொண்ணு தைரியமா வீட்டுக்குப் போகலாம்," என்றாள் கும்ஹி. "ஆனா அந்த மாமியார்க்காரி விடுவாளா? மகனுக்குத்தானே வக்காலத்து வாங்குவா!"

"வாங்கமாட்டா. பனியில நம்மகூட அவளும்தான் நின்னா."

"யாரு, அந்தச் சூனியக்காரியா?"

"அவனைப் பெத்தவ நான்தான்டி," என்று ஓக்சுன் கண்ணைத் துடைக்கப் போனாள்.

மிரே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிளகாய், அத்தை! கண்ணுல வைக்காதீங்க. வாங்க, கையைக் கழுவிட்டு நம்ம வீட்டுக்குப் போகலாம்."