வழி தெரியாதவள்

“தெருப் பேரைச் சொல்லு. கண்ணைக் கட்டிக்கிட்டே கூட்டிட்டுப் போறேன்” என்றான் அவன்.

“பேருதாங்க மறந்துபோச்சு. பார்த்தா அடையாளம் தெரியும்” என்றாள் மனைவி.

அவன் தலையில் அடித்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே டெலிவரி வேன் ஓட்டுகிறவன். அப்படிப்பட்டவனை, ஒரு தெருப் பேரைக்கூட ஞாபகம் வைத்துக்கொள்ளத் தெரியாதவள் பஸ்ஸை விட்டு இறக்கி, சந்து சந்தாக இழுத்துக்கொண்டு போனாள்.

வேன் இப்போது அவன் கையில் இல்லை. போன மாதம் காலையிலேயே குடித்துவிட்டுக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் மோதினான். முதலாளி சாவியைப் பிடுங்கிக்கொண்டார். குடியை விட நினைக்கிறவர்கள் வாராவாரம் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று இருக்கிறதாம், அங்கே ஒழுங்காகப் போனால்தான் சாவி என்று சொல்லிவிட்டார். நான் என்ன குடிகாரனா என்று வீட்டில் வந்து கத்தினான். மனைவிதான் யார் யாரிடமோ விசாரித்து இடத்தைத் தெரிந்துகொண்டு வந்தாள்.

இன்று காலையிலிருந்து அவன் தொடவில்லை. பேண்ட் பாக்கெட்டுக்குள் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. இந்த வைராக்கியம் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அவனுக்கே தெரியாது.

ஒரு பள்ளிக்கூடத்தின் பின்சுவர். அப்புறம் மரம் இழைக்கிற பட்டறை. பச்சை கேட் பக்கத்தில் நின்று அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“யாரையாவது கேளேன். கேட்டா குறைஞ்சா போயிடுவே?”

“வேணாங்க. இதோ வந்துடும்.”

“இதையேதான் அந்தப் பட்டறைகிட்டயும் சொன்னே.”

அவனே விறுவிறுவென்று நேராக நடக்க ஆரம்பித்தான். நேரே போனால் மார்க்கெட் ரோடு வரும், அங்கே நான்கு பேரைக் கேட்டுக்கொள்ளலாம் என்றான். அவள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

“அந்தப் பக்கம் மட்டும் வேணாங்க. எனக்கு எல்லாம் குழம்பிடும்.”

“உனக்கு எந்தப் பக்கம் போனாத்தான் குழம்பலை?”

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். அவளும் அசடு வழியச் சேர்ந்து சிரித்துவிட்டு, இடது பக்கம் திரும்பினாள்.

அதற்கப்புறம் அவன் வாய் ஓயவில்லை. உன்னை நம்பி வண்டியைக் கொடுத்தால் பால் பாக்கெட் எல்லாம் தயிராகித்தான் போய்ச் சேரும் என்றான். கல்யாண மண்டபத்துக்கு எப்படித்தான் சரியாக வந்து சேர்ந்தாயோ, தவறி வேறு மண்டபத்துக்குப் போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்றான். எல்லாவற்றுக்கும் அவள் “ம்” கொட்டிக்கொண்டே நடந்தாள். வியர்வையைத் துடைக்கக்கூட நிற்கவில்லை.

கடைசிச் சந்து முடிகிற இடத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடம். மேலே நாற்காலிகளை இழுத்துப் போடுகிற சத்தம். மாடிப்படிக்குக் கீழே ஒருவர் உட்கார்ந்து செருப்பு தைத்துக்கொண்டிருந்தார்.

“இதுதாங்க” என்றாள் அவள். முகம் மலர்ந்திருந்தது.

அவன் செருப்பு தைப்பவரிடம் போனான்.

“அண்ணே, பஸ் ஸ்டாப் இங்கேருந்து எவ்வளவு தூரம்?”

“இப்படித் திரும்பினா மார்க்கெட் ரோடு. அதுல நேராப் போனா அஞ்சு நிமிஷம்.”

அவன் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

“அஞ்சு நிமிஷ நடைக்கு ஊரையே சுத்த வெச்சிருக்கே. இப்போ மேல எல்லாம் ஆரம்பிச்சிருப்பாங்க. நடுவுல போய் நின்னா அத்தனை பேரும் என்னைத்தான் பார்ப்பாங்க. நான் போகலை.”

“ஏங்க, இவ்வளவு தூரம் வந்துட்டு...”

“அடுத்த வாரம் பார்த்துக்கலாம். உன்னாலதான் கெட்டுது. வழின்னா என்னன்னே தெரியாத ஜென்மம்.”

சொல்லிவிட்டு மார்க்கெட் ரோடு பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினான். மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

செருப்பு தைப்பவர் ஊசியைக் கீழே வைத்தார்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க. வழி தெரியாதவங்க இல்லை இவங்க.”

“அண்ணே, வேணாம் விடுங்க” என்றாள் அவள் அவசரமாக.

அவர் விடவில்லை.

“நேத்து மத்தியானம் பூரா வெயில்ல இந்தச் சந்தெல்லாம் ஒவ்வொண்ணா நடந்து பார்த்தாங்க. செருப்பு அறுந்து எங்கிட்டதான் வந்து நின்னாங்க. நேர் வழி இருக்கும்மா, ஏன் இப்படிக் கஷ்டப்படறீங்கன்னு கேட்டேன். ‘அந்த வழியில மூணு பார் இருக்கு அண்ணே. அவரு கண்ணுல ஒண்ணுகூடப் படாத வழியாப் பார்த்துக் கூட்டிட்டு வரணும்’னாங்க.”

அவன் திரும்பி வந்தான். அவளைப் பார்க்காமலேயே, நடுங்குகிற கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினான்.